கருவாட்டின் கொடி

பெர்கனில் மழை நிற்கட்டும் என்று
யாரும் காத்திருப்பதில்லை.
காற்றில் முதுகொடிந்த குடைகள்
குப்பைத்தொட்டிகளில் தலைகீழாகக் கிடக்கும்.
வரித்துறைக் கோப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கிற எனக்குக்
கட்டிலிலிருந்து மேசைக்குப் பதினோரு எட்டு,
மேசையிலிருந்து குளிர்பெட்டிக்கு ஒன்பது.
அதுவே என் தேசாந்திரம்.

மருத்துவர் நடக்கச் சொன்னார். தலையாட்டினேன்.
தங்கை காலணி வாங்கித் தந்தாள்.
பெட்டிக்குள்ளேயே அதற்கு ஒரு வயது முடிந்தது.

பிறகு, பல்வலியில் தூங்காத ஓர் இரவு,
கைபேசியில் அந்த விளையாட்டை இறக்கினேன்.
ஊரெங்கும் கொடிமரங்கள்:
நூலக வாசல், மீன்சந்தை, படகுத்துறை,
எங்கள் தெருமுனை ரொட்டிக்கடை.
ஐம்பது தப்படிக்குள் போய் நின்றால்தான்
கொடியை மாற்றலாம்.
ரொட்டிக்கடைக் கொடி 'கருவாடு' என்பவருடையது.

கருவாடு!
மருத்துவருக்கு அசையாத கால்
அந்தப் பெயருக்கு அசைந்தது.
இரவு உடுப்பின்மேல் மழைக்கோட்டு மாட்டிப்
போய்ப் பிடுங்கினேன்.
காலை ஆறரைக்கு
அது மறுபடி கருவாட்டின் கொடி.

இப்படியே ஒரு குளிர்காலம்.

ஞாயிறு விருந்தில் தங்கை கணவன் ஸ்டைனார் கேட்டான்:
"திரையைப் பார்த்தபடி நடப்பதெல்லாம் நடையா?
மலையைப் பார்த்தாயா? கடலைப் பார்த்தாயா?"
பார்க்கவில்லை.
மலை எனக்கு ஒரு பச்சைக் கறை.
கடல், கொடி நட முடியாத நீலம்.
ஒருமுறை விளக்குக்கம்பத்தில் மோதி
அதனிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்.
உருளைக்கிழங்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.
மேசைக்கடியில் என் முழங்கால்
தன் தரப்பைச் சொல்ல வாயில்லாமல் இருந்தது.

மார்ச்சில் ரொட்டிக்கடையில் என் கொடி
ஒருநாள் நின்றது. மூன்று நாள்.
பதினோரு நாள்.
பிடுங்க ஆளில்லாத கொடிக்கு
எதற்குக் காவல்?
நான் வெளியே போகவில்லை.
காலணி பல மாதங்களில் முதன்முறையாகக் காய்ந்தது.

பன்னிரண்டாம் நாள் வரைபடத்தைத் துழாவினேன்.
கருவாட்டிடம் மிஞ்சியது ஒரே கொடி,
மலையடிவாரத்துப் பெரிய மருத்துவமனையின் உள்முற்றத்தில்.

நோயாளியா, காவலாளியா,
யாருக்கோ காத்திருக்கிறவரா?
ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.
விசாரிக்கலாம். என்னவென்று?
"கருவாடு எந்த வார்டில்?" என்றா?

நாலு கிலோமீட்டர். சாய்ந்து பெய்தது மழை.
முற்றத்தில் நின்று,
நெஞ்சு உறுத்த உறுத்த,
அந்தக் கடைசிக் கொடியையும் பிடுங்கினேன்.

அன்றிரவு என்னை நானே
என்னவெல்லாமோ சொல்லித் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் மாலை நாலு நாற்பதுக்கு
கொடி திரும்பியிருந்தது.
முற்றத்தைப் பார்த்து எந்தக் கட்டிலும் இல்லை.
ஜன்னல்களை எண்ணி வைத்திருந்தேன்,
எல்லாம் தாழ்வாரத்து ஜன்னல்கள்.
அப்படியானால் யாரோ எழுந்திருக்கிறார்.
ஊன்றுகோலோ, சொட்டுமருந்துக் கம்பியோ,
ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டு
செருப்பைத் தேய்த்துத் தேய்த்து
ஜன்னல்வரை வந்திருக்கிறார்,
வழிநெடுக என்னைச் சபித்தபடி.

காவலாளியாகவும் இருக்கலாம். இருக்கட்டும்.

மறுநாளும் போனேன். பிடுங்கினேன்.
நாலே காலுக்குத் திரும்பியது.
அதற்கடுத்த நாள் மூன்று ஐம்பதுக்கு.
ஒரு வியாழன் மதிய உணவுக்கு முன்பே.
செவிலியர்களுக்குத் தெரியாத ஒரு சிகிச்சையை
நாங்கள் இருவரும்
ஒருவர்மேல் ஒருவர் செய்துகொண்டிருந்தோம்.

ஏப்ரல் நாலாம் தேதி
மருத்துவமனையில் என் கொடி அப்படியே நின்றது.
மாலை வந்தது. நின்றது.
இருட்டியது. நின்றது.
கோட்டுப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டி
முற்றத்துக்கு ஓடினேன். ஆம், ஓடினேன்.
எல்லா ஜன்னல்களிலும் ஒரே மஞ்சள் விளக்கு.
யாரையென்று தேடுவது.

அப்போது கைக்குள் அதிர்ந்தது கைபேசி:
'ரொட்டிக்கடை உங்களிடமிருந்து பறிபோனது.'

திருட்டுக் கருவாடே!

நாலு கிலோமீட்டர்.
மழை.
படியிறங்கினேன்.